அம்மாவோடு அந்தியைப் படமெடுத்த வருடங்கள்

வெயில் சாயத் தொடங்கினால் அம்மாவுக்கும் தொடங்கிவிடும். அதுவரைக்கும் பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. காலையில் கஞ்சி குடிப்பாள். மதியம் உறங்குவாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்து ஊர்க்கதை சொன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். முற்றத்துத் தென்னைகளின் நிழல் நீண்டு கிழக்கு மதிலைத் தொடுகிற நேரத்தில் எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள்.

"நேரம் வைகியாச்சு. நான் வீட்டுக்குப் போறேன்."

"இதுதானேம்மா நம்ம வீடு."

"இது ஒங்க வீடாக்கும். எனக்க வீட்டுக்கு நான் போவண்டாமா?"

அந்த நேரத்தில்தான் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருவேன். தனுவச்சபுரத்தில் ஒரு பாரலல் காலேஜில் விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் வந்து சேருகிற இடம் அது. ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் வணிகவியல் நடக்கும், இந்தப் பக்கம் நான் தவளையின் இதயத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருப்பேன். சாயங்காலம் பாறசாலையில் இறங்கி, மேற்கே எங்கள் ஊருக்கு நடக்கும்போது தொண்டையில் குரல் இருக்காது. எனக்கு அப்போது முப்பத்தைந்து தாண்டியிருந்தது. அப்பா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கல்யாணப் பேச்சுகள் வந்து வந்து போய், பிறகு வராமலே நின்றிருந்தன. தம்பி ஷார்ஜாவில். பகல் முழுக்க அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா, நான் படியேறியதும் தன் வீட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். போகும்போது அம்மாவின் கையை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வயதாகும்போது சிலருக்கு இப்படி வருவதுண்டு, சாயங்காலம்தான் கூடும் என்றார். மாத்திரை தந்தார். அதைக் கொடுத்தால் அம்மா உறங்கினாள். மறுநாள் காலையிலும் மயக்கம் தெளியவில்லை. குளியலறைக்குப் போகிற வழியில் விழுந்தாள். மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

கேமரா அதற்கு முன்பே வீட்டில் இருந்தது. தம்பி முதல் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. கனமான ஜப்பான் கேமரா, லென்ஸைக் கழற்றி மாட்டுகிற வகை. அவன் அதை வைத்துச் சொந்தக்காரக் கல்யாணம் ஒன்றை எடுத்தான். பாதிப் படத்தில் மணமக்களின் தலை இல்லை. "எனக்கு இது சரிப்படாது, நீ வச்சுக்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். கூடவந்த புத்தகத்தை நான் வாசித்தேன். கண்ணின் படத்தைக் கரும்பலகையில் வருடத்துக்கு நாலு முறை வரைகிறவளுக்கு அது கடினமாக இல்லை. ஆனாலும் எடுத்துப் போய் எதையும் படம்பிடிக்கவில்லை. நேரம் எங்கே இருந்தது? தம்பி மாட்டிவிட்டுப் போன ஃபிலிம் ரோலோடு வாசல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அம்மா வெளிக்கேட்டின் கொண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வழக்கம்போல இதுதான் நம் வீடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதைச் சொல்ல எனக்கு அன்று சக்தி இல்லை. "சரி, போவோம்" என்றேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பைய எடுக்கண்டாமா?"

வாசல்வரை திரும்பி ஓடினேன், கைக்கு எட்டியது ஆணியில் தொங்கிய கேமராப் பைதான். எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

கால்வாய்க் கரை வழியாக நடந்தோம். நெய்யாற்று அணையிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் தண்ணீர் கொண்டுபோகிற கால்வாய் அது. அன்று கணுக்கால் அளவுதான் தண்ணீர். இரண்டு பக்கமும் வாழையும் மரச்சீனிக் கிழங்குச் செடிகளும். ஒரு வளைவு தாண்டியதும் சூரியன் நேர் எதிரே நின்றது. வாழை இலைகள் ஒவ்வொன்றும் உள்ளே விளக்கு வைத்ததுபோல இருந்தன. தண்ணீரின் மேல் ஒரு சிவப்புக் கோடு எங்கள் கால்வரை வந்தது. நான் என்ன நினைத்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அந்த நாளில் எனக்கென்று ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். பையைத் திறந்து கேமராவை எடுத்தேன்.

அம்மா நடப்பதை நிறுத்தினாள். நான் கண்ணைச் சுருக்கி, வளையத்தைத் திருகி, மூச்சைப் பிடித்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் நிமிர்ந்ததும் கேட்டாள்:

"ஜோலி முடிஞ்சா?"

"இல்லம்மா, கொஞ்சம் உண்டு."

"முடியட்டு. ஜோலிக்கு எடையில விளிக்கப்பிடாது."

வேலை செய்கிறவர்களிடம் அம்மாவுக்கு எப்போதும் மரியாதை. எல்லாம் மறந்த பிறகும் அது போகவில்லை. சூரியன் அடங்கி, மேற்கு செம்மண் நிறமாகி, பிறகு சாம்பலாகும்வரை அவள் என் பக்கத்திலேயே நின்றாள். இருட்டியதும் நான் கையைப் பிடித்தேன். வந்த வழியே திரும்பினோம். எங்கள் வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இண்ணு இங்க கிடக்கலாம்" என்றாள். இருட்டிவிட்டால் அவளுக்கு அந்தத் தவிப்பு இறங்கிவிடும். வெளிச்சம் போகிற அந்த நேரத்தைத்தான் எப்படியாவது தாண்ட வேண்டும்.

அப்படித்தான் நான் அந்தியைப் படமெடுக்கத் தொடங்கினேன். அழகைத் தேடிப் போனேன் என்று யாராவது நினைத்தால் அது என் குற்றமில்லை.

முதல் ரோலைப் பாறசாலையில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். கழுவுவதற்கு அது திருவனந்தபுரம் போய் வர வேண்டும். வந்த படங்களைப் பார்த்தால் எல்லாம் வெளிறிக் கிடந்தன. வானம் பழைய வேட்டி நிறம். கால்வாயில் சிவப்புக் கோட்டைக் காணவில்லை.

"டீச்சரே, இது மெஷினு பிரிண்டாக்கும்" என்றார் ஸ்டுடியோக்காரர். "செவப்பு கூடினா படம் கேடாப் போச்சுண்ணு மெஷினு நெனச்சுக்கிடும். அதுவே சரியாக்கித் தரும்."

"அந்திண்ணா செவப்பாத்தானே இருக்கும்?"

"அது நமக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியண்டாமா?"

அடுத்த முறையிலிருந்து நிறத்தைத் தொட வேண்டாம் என்று உறையின் மேல் எழுதி அனுப்பினார். அங்கே மெஷினில் இருந்தவர் சில சமயம் அதை மதித்தார், சில சமயம் மதிக்கவில்லை. நன்றாக வந்தவற்றை நான் ஆல்பத்தில் செருகினேன். மற்றவற்றை மேசை இழுப்பறையில் போட்டேன். மாதம் ஒரு ரோலுக்கு மேல் எடுக்க முடியாது என்பதால், பல நாட்கள் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதோடு சரி. பொத்தானை அழுத்தாவிட்டாலும் அம்மாவுக்கு ஜோலி நடந்துகொண்டிருப்பதாகத்தான் கணக்கு.

அம்மாவின் கால் எட்டுகிற தூரத்துக்குள் எங்கெங்கே வெளிச்சம் எப்போது விழும் என்று போகப் போகத் தெரிந்துவிட்டது. ஐப்பசி மழை மதியம் பெய்து விட்டால் அன்றைக்கு வானம் கழுவியதுபோல இருக்கும். அல்லிக்குளத்தில் மேகம் அப்படியே இறங்கிக் கிடக்கும். ரப்பர் தோட்டம் எப்போதும் இருட்டு. மரங்கள் இலை உதிர்க்கிற தை மாதத்தில் மட்டும் அந்தி வெயில் உள்ளே புகுந்து, சருகின் மேல் மரங்களின் நிழலை நீளநீளமாக வரிசைபோட்டு வைக்கும். மாசியில் தூசி. சூரியனை வெறும் கண்ணால் பார்க்கலாம். எனக்கு அதுவே பிடித்த மாதம், ஏனென்றால் அப்போது வகுப்புகள் குறைவு.

ஜூனில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால்தான் எங்கள் இரண்டு பேருக்கும் நரகம். வெளியே போக வழியில்லை. வானம் மதியத்திலேயே இருண்டு கிடக்கும், அம்மாவுக்கு அந்தி மதியத்திலேயே வந்துவிடும். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, "ஆராவது என்னைக் கொண்டு விடுங்களேன்" என்று ரோட்டைப் பார்த்துக் கூப்பிடுவாள். மழைக்குக் குடைபிடித்துப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். நான் உள்ளிருந்து கையைக் காட்டி அனுப்புவேன். வாரத்துக்கு ஒரு நாளாவது, அவள் உறங்கிய பிறகு நனைந்த துணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து சோற்றைத் தட்டோடு வைத்துக்கொண்டு அப்படியே உறங்கியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காதான் ஒருநாள் சொன்னாள்: "பிள்ளே, அம்மைக்கு பெறந்த வீட்டு நெனப்பாட்டு இருக்கும். ஒருக்கா கொண்டு காட்டு. சிலப்போ அடங்கும்."

அம்மா பிறந்தது பெருங்கடவிளைக்கு அப்பால், ஒரு பாறைக்குன்றின் அடிவாரத்தில். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் இரண்டு பஸ் மாறிக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வீடு அங்கே இல்லை. இருந்த இடத்தில் மொட்டைமாடி வைத்த ஒரு கான்கிரீட் வீடு, சுற்றிலும் ரப்பர். எங்களைத் தெரியாவிட்டாலும் அந்த வீட்டுக்காரி உள்ளே அழைத்து உட்காரவைத்து, பால் விடாத கட்டன்காப்பி கொடுத்தாள். அம்மா விருந்துக்கு வந்தவள்போல ஒழுங்காக உட்கார்ந்து, "கொள்ளாம், நல்ல வீடு" என்று சொன்னாள். கிணற்றைக் காட்டினேன். கிணறு மட்டும் பழையதுதான். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள். பிறகு வெயில் சாய்ந்தது. அம்மா எழுந்து சேலையைச் செருகினாள்.

"நேரம் வைகியாச்சு. வீட்டுக்குப் போணும்."

"எங்கயாக்கும் இவங்களுக்கு வீடு?" என்று அந்த வீட்டுக்காரி என்னைக் கேட்டாள்.

பாறசாலை என்றேன். வேறென்ன சொல்ல? வீட்டுக்குப் பின்னால் குன்றின் பாறைமுகம் முழுக்கப் பழுத்த மாம்பழ நிறத்தில் நின்றது. கேமராவை எடுத்தேன். ஜோலி முடியும்வரை அம்மா காத்திருந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து உறங்கினாள். நெய்யாற்றின்கரை வருவதற்குள் என் கை மரத்துப்போயிருந்தது. அசைத்தால் எழுந்துவிடுவாளோ என்று அப்படியே வைத்திருந்தேன்.

தம்பி அடுத்த லீவுக்கு வந்தபோது ஆல்பங்கள் மூன்றாகியிருந்தன. வந்த அன்றே தரையில் கால்நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். கால்வாய், குளம், ரப்பர், பாறை, மறுபடியும் கால்வாய். கடைசி ஆல்பத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டான்:

"இவ்வளவு படம் எடுத்திருக்க. ஒண்ணில கூட அம்மை இல்லியே அக்கா?"

"எல்லாம் அம்மை எனக்க பக்கத்தில நிக்கும்போ எடுத்ததாக்கும்."

"அது பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து அடுக்களைக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் வந்து கதவில் சாய்ந்து நின்றான். என் முகத்தைப் பார்த்திருப்பான்போல.

"நாளைக்கு அந்திக்கு அம்மைய நான் பாத்துக்கிடுதேன். நீ எங்கயாவது போ. கடலுக்குப் போயி எடு. உனக்கு ஆசை உண்டுல்லா?"

ஆசை உண்டு. கடலில் சூரியன் இறங்குவதை எடுக்க வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அம்மாவை அவ்வளவு தூரம் கூட்டிப்போக முடியாது என்பதால் நினைப்போடு நின்றது. மறுநாள் மதியத்துக்கு மேல் புதிய ரோல் ஒன்று மாட்டி, ஸ்டுடியோக்காரரிடம் கேமரா முக்காலி இரவல் வாங்கிக்கொண்டு பொழியூர் பஸ்ஸில் ஏறினேன்.

கடற்கரையில் சூரியன் இறங்க இன்னும் நேரம் இருந்தது. முக்காலியை மணலில் ஊன்றிக் கேமராவைப் பொருத்தி, அளவெல்லாம் பார்த்துவைத்தேன். மேகமும் நான் நினைத்த மாதிரியே இருந்தது, அடியில் மெலிதாக, மேலே கோடுகோடாக. கரையேற்றி வைத்த ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தேன். மணல் சூடாக இருந்தது. என் கையை யாரும் பிடித்திருக்கவில்லை. யாரும் எங்கும் போக வேண்டும் என்று சொல்லவில்லை. வள்ளத்தில் முதுகைச் சாய்த்தது நினைவிருக்கிறது.

"பிள்ளே, எழும்பு. இருட்டியாச்சு. பஸ்ஸு போயிரும்."

கண்ணைத் திறந்தால் மீன்கூடையோடு ஒரு பெண் குனிந்து நின்றாள். கடல் கறுத்துவிட்டது. மேற்கில் ஒரு கீற்றுகூட மிச்சமில்லை. கேமரா முக்காலியின் மேல் நான் வைத்தபடியே நின்றது.

"ஒனக்க சாமான நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் அவள். "விளிக்கலாம்ணு வந்தேன். அந்த உறக்கத்தப் பாத்தப்போ விளிக்க மனசு வரல்ல."

ஒரு படமும் எடுக்கவில்லையே என்று வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பஸ்ஸிலும் உறங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி விளக்குப் போடாமல் படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே அம்மா உறங்கிவிட்டாள். அவன் சட்டையின் ஒரு பொத்தான் பிய்ந்திருந்தது.

"தினமும் இப்பிடித்தானா?" என்று கேட்டான்.

"என்ன செய்தா?"

"என்னை ஆஸ்பத்திரி சாருண்ணு நெனச்சா." அவன் பிய்ந்த பொத்தானின் நூலைத் திருகினான். "சாரே, என்னை இப்பம் விடணும், கடைசி பஸ்ஸு போயிரும்ணு கையப் பிடிச்சுக் கெஞ்சினா. எனக்க ரெண்டு பிள்ளையளும் தனியா இருக்கு, மூத்தவ விளக்கு கொளுத்தப் பேடிப்பா, சின்னவன் ஒண்ணும் தின்னாம படியிலேயே உறங்கிப் போவாண்ணு. நான்தாம்மா சின்னவன், நான் இங்க இருக்கேன்ணு சொன்னேன். என்னைப் பிடிச்சுத் தள்ளுனா. கள்ளம் சொல்லுதியாண்ணு கேட்டா."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்பா இறந்த பிறகு அம்மா நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் தையல் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்பும் ஆபரேஷன் உடுப்பும் தைக்கிற வேலை. வீட்டில் கரண்டு இல்லாத காலம். ஒருமுறை நான் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தும்போது சிம்னி வெடித்துக் கையில் பட்டது. அதற்குப் பிறகு பயத்தில் தீப்பெட்டியைத் தொடவே மாட்டேன். அம்மா வருகிறவரை நானும் தம்பியும் வெளியே, வெளிச்சம் இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்போம். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவருவாள். நடந்து வந்து நான் பார்த்ததே இல்லை.

என்னிடம் அவள் வீடு என்று மட்டும்தான் சொன்னாள். வீட்டுக்குப் போக அனுமதி தருகிற ஆளிடம்தானே காரணம் சொல்ல வேண்டும். பிறகு தம்பி எழுந்து, எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தான்.

மறுநாள் அம்மா சேலையைச் செருகிக்கொண்டு நின்றபோது நான் சொன்னேன்: "பிள்ளையளுக்கு விளக்கு கொளுத்தியாச்சும்மா. ரெண்டும் தின்னு கிடந்தாச்சு."

அம்மா சந்தேகத்தோடு பார்த்தாள். "ஆரு கொளுத்தினா?"

"மூத்தவ."

"பேடிக்கேல்லியா அவ?"

"இல்லம்மா. இப்பம் பேடி இல்ல."

அவள் உட்கார்ந்தாள். அன்றைக்கு நாங்கள் வெளியே போகவில்லை. ஆனால் எல்லா நாளும் அது பலிக்கவில்லை. சில நாட்கள், "நீ எப்பம் பாத்த?" என்று மடக்குவாள். சில நாட்கள் நான் சொல்வது காதிலேயே ஏறாது. அப்போது பையை எடுத்துக்கொண்டு நடப்போம். தம்பி திரும்பிப் போவதற்கு முன்னால் ஒருநாள் கேமராவை என்னிடமிருந்து வாங்கி, எங்கள் பின்னாலேயே வந்து, கால்வாய்க் கரையில் நாங்கள் நடப்பதை எடுத்தான். இரண்டு முதுகுகள். இந்த முறை தலை இருந்தது. மெஷின் அதைச் சரியாக்கி வெளிறவைத்திருந்தது. அம்மாவின் கடைசிக் காலத்துப் படமாக எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அம்மா இன்னும் இரண்டு மழைக்காலம் இருந்தாள். கடைசி மாதங்களில் நடக்கவில்லை, எங்கும் போக வேண்டும் என்று கேட்கவும் இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்தி வந்தால் கட்டிலருகே போய் நிற்பேன், ஏதாவது கேட்பாளா என்று. ஒரு காலையில், கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும்போது போனாள்.

அதன் பிறகு கொஞ்சகாலம் கேமராவை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை, யாரையும் நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் நின்று எடுக்கும் பொறுமை எனக்கு இல்லாமல் போயிருந்தது. சூரியன் முழுதாக அடங்குவதற்கு முன்பே திரும்பி நடந்துவிடுவேன். ரோல் முடியாமல் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தது.

ஒருநாள் சாயங்காலம் கீழ்த்தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். சர்ச்சில் பார்த்த முகம், அதற்குமேல் பழக்கமில்லை. மாமனாருக்கு இப்படி இருக்கிறது என்றாள். வெயில் சாய்ந்தால் வயலுக்குப் போக வேண்டும், மாட்டை அவிழ்க்க வேண்டும் என்று பிடிவாதம். வயலும் இல்லை, மாடும் இல்லை.

"டீச்சர் அம்மையக் கூட்டிட்டுப் படம்பிடிக்கப் போவியண்ணு சொன்னாங்க. அதுக்கு என்ன கேமரா வேணும்?"

"கேமரா ஒண்ணும் வேண்டாம்" என்றேன். "கூட நடக்கணும். இருட்டினபிறகு திரும்பினாப் போரும். வயலு இல்லண்ணு மட்டும் சொல்லாத."

"இப்பம் வீட்டுக்காரரு வந்து இருக்காரு. அதுனாலதான் எறங்க முடிஞ்சுது. சீக்கிரம் போணும்."

"இரு. காப்பி குடிச்சிட்டுப் போ."

நான் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து பார்த்தபோது நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் உறங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மேற்கு ஜன்னல் வழியாக அந்தி வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நல்ல வெளிச்சம். நான் சத்தமில்லாமல் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.